கொடம் கொடமா ஊத்தினோம்

என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். உறிப்பானையில் வெல்லத்தை ஒளித்து வைத்துவிட்டு "தீந்துபோச்சுடி" என்பது, வேண்டாத விருந்தாளியைத் தெருமுனையில் கண்டதும் தலைவலி என்று பாயை விரிப்பது, இதெல்லாம் எங்கள் பக்கத்தில் பொய்க் கணக்கில் வராது. நான் சொல்வது நிஜமான பொய். படித்த ஒரு பெரிய மனுஷியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, குரல் பிசிறாமல் சொன்ன பொய். அதைச் சொல்லும்போது அம்மாவின் இடுப்பை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். என் இடது கண் வெந்துபோயிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம்.

எங்களுக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். உள்ளே நுழைந்தால் உச்சி வெயிலிலும் பச்சை இருட்டாக இருக்கும். திராட்சை சொகுசான பயிர். கொஞ்சம் மூட்டம் போட்டால் போதும், இலையில் சாம்பல் பூத்துவிடும். அதனால் மழைக் காலம் முழுக்க மருந்தடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து என்றால் டப்பாவில் வாங்குவது அல்ல. ஒரு தொட்டியில் மயில்துத்தத்தைக் கரைப்பார்கள். அந்த நீலத்தை வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அப்படி ஒரு நீலம். இன்னொரு பக்கம் டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். கல் புகைந்து, வெடித்து, உலைபோலக் கொதித்து மாவாக இறங்கும். இரண்டையும் அளவாகச் சேர்த்தால் மருந்து. அளவு தப்பினால் இலை கருகிப்போகும்.

அளவு பார்ப்பதில் அப்பாவை அடிக்க ஆள் கிடையாது. தீட்டின அரிவாளின் நுனியை மருந்தில் முக்கி எடுப்பார். இரும்பில் செம்பு நிறத்தில் கறை ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை. பளிச்சென்று அப்படியே வந்தால் பக்குவம். பக்கத்துத் தோட்டக்காரர்கள்கூட அவரைக் கூப்பிட்டு அரிவாளை முக்கச் சொல்வார்கள். அப்பா போவார், முக்குவார், அதோடு விடமாட்டார். அந்த வீட்டு மருமகளின் சமையல், அவர்கள் கன்றுக்குட்டியின் சுழி, மலையில் விழுந்த மழை என்று ஒரு பாட்டம் பேசி முடித்துத்தான் திரும்புவார். "ஒங்கப்பாவுக்குப் பசிச்சாக்கூட மொதல்ல பேசிட்டுத்தான் திம்பாக" என்பாள் அம்மா. வாய் ஓயாத மனிதர்.

அன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தார். டிரம்மில் சுண்ணாம்பு கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. "ஏ ஆத்தா, அங்கன போகாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மருந்தடிக்க வந்தவர்களோடு பித்தளைப் பம்பைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்முக்கு வெளியே வேகாத கல் ஒன்று கிடந்தது. கிடந்ததா, சரி. போகாதே என்றால் போகிற சாதிதானே பிள்ளைகள். எடுத்து உள்ளே போட்டேன். போட்டுவிட்டு என்ன ஆகிறது என்று குனிந்து வேறு பார்த்தேன். டப்பென்று வெடித்துச் சுண்ணாம்பு முகத்தில் தெறித்தது.

அடுப்புக் கங்கை எடுத்துக் கண்ணுக்குள் வைத்து இமையை மூடின மாதிரி இருந்தது. நான் கத்தின கத்தலில் பந்தலுக்குள் இருந்த குருவியெல்லாம் பறந்தது என்று பிறகு சொன்னார்கள். அம்மா மோட்டார் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பித்தளைக் குடத்தில் தண்ணீரை மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் தலையைப் பிடித்துச் சாய்த்துக் குடத்தையும் தூக்கிவிட்டாள். அப்போதுதான் அப்பா பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

"ஊத்தாத! ஊத்தாதடி! தண்ணி பட்டா கொதிக்கும்டி, கண்ணு வெந்துரும்!"

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் அங்கே இருந்த அத்தனை பேரும் வாழ்நாள் முழுக்கச் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியவர்கள். ஊற்றினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர்கள். மருந்தடிக்க வந்தவர்களும், "ஆமாக்கா, ஊத்திராதீக, ஊத்திராதீக" என்றுதான் கத்தினார்கள். யாரோ மோட்டார் ரூமிலிருந்து விளக்கெண்ணெயைக் கொண்டு வந்தார்கள். நான் கண்ணைக் கசக்காதபடி அப்பா என் இரண்டு கையையும் ஒரே கையால் பிடித்துக்கொண்டார். எண்ணெயை ஊற்றினார்கள். எரிச்சல் அடங்கவில்லை. "அம்மா, தண்ணி ஊத்தும்மா, ஊத்தும்மா" என்று நான் கதறினேன். அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

கம்பம் பெரியாஸ்பத்திரியில்தான் முதல்முதலாக என் கண்ணில் தண்ணீர் பட்டது. அங்கே இருந்தவர்கள் ரப்பர் குழாயை வைத்துக் கழுவி, கட்டுப் போட்டு, நேராகத் தேனிக்கு ஓடுங்கள் என்று சொன்னார்கள். தேனியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பல காலம் கருவிழிக்கு மட்டுமே வைத்தியம் பார்த்தவர். கண்ணின் மேல்தோலில் புண், வேக்காடு, பூ விழுந்தது என்றால் கண்ணாடிக் கடைக்காரர்கூட அவரிடம்தான் அனுப்புவார். ஜவுளிக் கடைக்கு மாடியில் அவருடைய கிளினிக் இருந்தது. பள்ளத்தாக்கில் எந்த ஊரில் என்ன வேலை நடக்கிறது என்பது அதன் வாசல் நடையில் காத்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நெல் அடிக்கிற மாதத்தில் சுணை குத்தின கண், கரும்பு வெட்டுகிற மாதத்தில் தோகை கிழித்த கண், திராட்சைக்கு மருந்தடிக்கிற மாதத்தில் எங்களை மாதிரி.

என்னை இருட்டு அறைக்குக் கூட்டிப்போனார்கள். முகவாயைத் தாங்கி வைக்க ஒரு கிண்ணம், நெற்றிக்கு ஒரு பட்டை, எதிரே கண்ணைக் கூசும் ஒரு கோடு வெளிச்சம். கண்ணுக்குள் ஏதோ ஒரு சாயத்தைத் தொட்டுவைத்து, நீல விளக்கைப் போட்டு டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். இமையைத் திருப்பி மடித்து, பஞ்சு சுற்றின குச்சியால் உள்ளே இருந்த சுண்ணாம்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மறுபடி கழுவினார். அப்புறம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"கண்ணுல விழுந்த உடனே தண்ணி ஊத்திக் கழுவுனீங்களா?"

அப்பா வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள்ளிருந்து சத்தம் வருவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஊத்தினோம் டாக்டரம்மா. கொடம் கொடமா ஊத்தினோம்."

நான் ஆடிப்போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் பலப்பம் தொலைந்துபோச்சு என்று ஒரு சின்னப் பொய் சொன்னதற்காக என் உதட்டில் மிளகாயைத் தேய்த்த அம்மா இவள். டாக்டரம்மா என் கன்னத்தை விரலால் தொட்டு, "என்ன, எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு?" என்றார். "தலைக்கு வச்சது வழிஞ்சிருச்சு" என்றாள் அம்மா. அதையும் சேர்த்தால் இரண்டு பொய் ஆகிறது. போகட்டும், இரண்டும் ஒரே மூச்சில் வந்ததால் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறேன்.

"அதான் கண்ணு இந்த மட்டுக்காவது தப்பிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "இந்தப் பக்கத்துல யாருமே ஊத்த மாட்டேங்கிறாங்க. கொதிச்சிரும், கொதிச்சிரும்னு எண்ணெயை ஊத்திக் கூட்டிட்டு வர்றாங்க. கொதிச்சாலும் கொதிக்கட்டும்னு தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கணும். சுண்ணாம்பு உள்ள ஒட்டிக்கிட்டு இருக்க இருக்க அரிச்சுக்கிட்டே போகும். அதை வெளியேத்துறதுக்குத் தண்ணிய விட்டா வேற மருந்து கிடையாது. ஊத்தாம வந்திருந்தீங்கன்னா இன்னைக்கு நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன். நல்ல காரியம் பண்ணுனீங்க."

அப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அரிவாள் முக்கிப் பார்க்கும் தன்னுடைய வலது கையை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஏதோ குத்தியிருக்கிறது போல என்று நான் நினைத்தேன்.

கண் இன்னும் தப்பவில்லை என்பதை டாக்டரம்மா அதற்குப் பிறகுதான் சொன்னார். வெந்த விழியும் வெந்த இமையும் ஆறுகிற போக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் கண் உருளாது, கருவிழி மறைந்துபோகும், அப்புறம் எந்த ஆபரேஷனும் சுலபமில்லை. ஒட்டவிடாமல் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடிக் குச்சியைக் காட்டினார். முனை மழுங்கின, பென்சிலைவிட ஒல்லியான குச்சி. அதில் களிம்பைத் தடவி, மேல் இமைக்கு அடியிலும் கீழ் இமைக்கு அடியிலும் விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்ட வேண்டும். காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகுமுன். செய்தும் காட்டினார். நான் அவர் கையைக் கடித்துவிட்டேன்.

"வீட்டுல யாரு பண்ணப் போறீங்க? பிள்ளை அழுகுதேன்னு மனசு இளகிச்சுன்னா கண்ணு போயிரும், சொல்லிட்டேன்."

அம்மா குச்சியைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான்" என்றார் அப்பா. அன்றைக்கு அந்தக் கிளினிக்கில் அவர் பேசியது அந்த ஒரு சொல்தான். டாக்டரம்மா அவரிடம் நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, குச்சியைக் கையில் கொடுத்துப் பழக்கினார். தடித்த அந்த விரல்கள் அவ்வளவு லேசாக நகரும் என்று டாக்டரம்மா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "பரவாயில்லையே" என்றார்.

அப்படித் தொடங்கியது என்னுடைய சிறைவாசம். வெளிச்சம் கண்ணில் பட்டால் ஊசியாகக் குத்தியது. அதனால் பின்கட்டில் நெல்மூட்டை போடும் அறையில் என்னைப் போட்டு, ஜன்னலுக்கு அம்மாவின் பழைய புடவையை இரண்டாக மடித்துக் கட்டினார்கள். தம்பி விளையாட்டுப் புத்தியில் கண்ணில் கையை வைத்துவிடுவான் என்று அவனைச் சின்னமனூர் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் போகும்போது சந்தோஷமாகத்தான் போனான், கழுதை. அத்தை வீட்டில் ரேடியோ இருந்தது.

என் கூட்டாளிகள் ஒருநாள் ஜன்னல் பக்கம் வந்தார்கள். புடவையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். நானும் எழுந்து ஆசையாகக் கிட்டே போனேன். கட்டு அவிழ்த்திருந்த நேரம் அது. சிவந்து, வெளுத்து, பொங்கி நின்ற அந்தக் கண்ணைப் பார்த்ததும் ஒருத்தி, "ஆத்தாடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "வாங்கடி, நமக்கும் ஒட்டிக்கிரும்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அவர்கள் தெருவில் பாண்டி ஆடும் சத்தம் மட்டும் வரும். யார் அழுவினி ஆடுகிறாள் என்பதைக்கூடச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். சொல்லித்தான் என்ன செய்ய, கேட்க ஆள் வேண்டுமே.

தனியாகச் சொட்டாங்கல் ஆடிப் பார்த்தேன். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறீர்களா? கல் மேலே போகும். திரும்பி வருவதும் தெரியும். ஆனால் கை ஒரு பக்கம் போகும், கல் ஒரு பக்கம் விழும். ஊரிலேயே கெட்டிக்காரி என்று பேர் வாங்கிய எனக்கு ஒரு கல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கல்லையெல்லாம் சுவரில் விட்டெறிந்துவிட்டு நெல்மூட்டை மேல் குப்புறப் படுத்து அழுதேன். அழுதாலும் அந்தக் கண் எரியும். அழக்கூட வழியில்லாத பிழைப்பு.

அதைவிடக் கொடுமை வீட்டுக்குள் இருந்த அமைதி. அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. சண்டை போட்டால்கூடத் தேவலை, சத்தமாவது இருக்கும். இது அப்படியும் இல்லை. "ஒங்கப்பாவச் சாப்புட வரச் சொல்லு" என்பாள் அம்மா அடுப்படியிலிருந்து. நான் என் அறையிலிருந்தபடியே, "அப்பா, சாப்புட வருவியாம்" என்று கத்துவேன். "பசிக்கலன்னு சொல்லு ஒங்காத்தாகிட்ட" என்பார் அப்பா. அவர்கள் இருவருக்கும் நடுவில் எட்டு அடி தூரம்கூட இருக்காது. ஆனாலும் பேச்செல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டுதான் போகும். நான் டிரம் பக்கம் போனதால்தானே இவ்வளவும், இவர்கள் இப்படி ஆனதற்குக் காரணமே நான்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. வேறு யார் என்ன செய்தார்கள்? யாரும் ஒன்றும் செய்யவில்லையே.

அப்பா குச்சியோடு வரும் நேரம் எனக்குக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். குச்சியை வெந்நீரில் போட்டு எடுப்பார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார். நிலைப்படி அருகே என்னை உட்காரவைத்து, என் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். நான் என்னென்ன வசவு தெரியுமோ அத்தனையையும் வைவேன். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் மாட்டை வைகிற வசவு எல்லாம் எனக்குப் பாடம். "நீ எங்கப்பனே இல்ல, போ" என்று ஒருநாள் சொன்னேன். அவர் கை நின்றது. சொன்னது உறைத்துவிட்டது, இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுபடி களிம்பைத் தடவிக்கொண்டு மேல் இமையைத் தூக்கினார்.

என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "போகாதன்னு சொன்னேன்ல" என்று ஓர் அறை விட்டிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். ஊரெல்லாம் பேசும் வாய் என்னிடம் மட்டும் பூட்டிக்கொண்டுவிட்டதே என்று மனது கிடந்து வெந்தது. என்னிடம் மட்டுமா என்பதைக் கவனிக்கிற வயதில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து அரிவாள் முக்கக் கூப்பிட வந்தார்கள். "நீங்களே பாத்துக்கிருங்கப்பா, எனக்கு என்னா தெரியும்" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். அது எனக்கு அறையிலிருந்து கேட்டது.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா?"

"ஒம்மேல இல்லடி" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நம்பவில்லை. டாக்டரம்மாவிடமே அப்படிப் பொய் சொன்னவள், என்னிடம் சொல்ல மாட்டாளா?

இடையிடையே தேனிக்குப் போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் அந்தச் சாயம், அந்த நீல விளக்கு. எங்கே புண் ஆறவில்லையோ அங்கே சாயம் பிடித்துப் பச்சையாகத் தெரியுமாம். முதலில் கருவிழி முழுக்கப் பச்சை. பிறகு பாதி. பிறகு ஓரத்தில் ஒரு பிறை. அப்பா சாதாரணமாக எதுவும் கேட்க மாட்டார். விளக்கு அணைந்ததும், "பச்சை எம்புட்டு இருக்கு டாக்டரம்மா?" என்று அது ஒன்றை மட்டும் கேட்பார். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா முன் சீட்டில் பெண்களோடு, அப்பா பின்னால் ஆண்களோடு. நான் சில நாள் அங்கே, சில நாள் இங்கே.

கடைசியாகப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. மறுபடியும் மருந்தடிக்கிற பருவம் வந்திருந்தது. மாடி நடை முழுக்கத் தோட்டக்காரர்கள். எண்ணெய் வழியும் கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு ஓர் ஆள் படியிலேயே உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டு வந்த கோபத்தோடுதான் என்னை முகவாய்க் கிண்ணத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். நீல விளக்கைப் போட்டார். மேலே பார், கீழே பார், மூக்கைப் பார், காதைப் பார் என்றார். இமையை இழுத்து இழுத்துப் பார்த்தார். வலது கண்ணைப் பொத்திவிட்டு என் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினார்.

"எத்தனை விரல்?"

"மூணு."

"இப்ப?"

"ரெண்டு. மோதிரம் போட்டிருக்கீங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "பச்சை சுத்தமா இல்ல. எங்கயும் ஒட்டல. ஓரத்துல கொஞ்சம் பூ நிக்கும். அது இருந்துட்டுப் போகட்டும், பார்வைக்கு நடுவுல இல்ல" என்றார். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பா என் பக்கத்தில் வந்து குனிந்து, அந்தக் கண்ணை அவரே ஒருமுறை பார்த்தார். பிறகு மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் எல்லாம் அப்படியே போயிருக்கும். டாக்டரம்மா விடவில்லை. சந்தோஷமும் கோபமும் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டன. என் கையை ஒரு கையிலும் அப்பாவின் சட்டையை ஒரு கையிலும் பிடித்து நடைக்கு இழுத்து வந்துவிட்டார். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் உரத்த குரலில். "இந்தப் பிள்ளை கண்ணுலயும் உங்க சுண்ணாம்புதான் விழுந்துச்சு. இன்னைக்கு விரல் எண்ணுது. ஏன் தெரியுமா? இவர் உங்களை மாதிரி எண்ணெய் ஊத்திட்டு வரல. இவரும் தோட்டக்காரர்தான், உங்க ஊர் ஆள்தான். நான் சொன்னா நீங்க கேட்க மாட்டேங்கிறீங்க. அவர் வாயாலயே கேளுங்க. சொல்லுங்கய்யா, நீங்க என்ன பண்ணுனீங்க?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என் கண்ணைப் பார்த்தார். அம்மாவின் கை வந்து என் தோளைப் பிடித்தது. அப்பா மேல்துண்டை உருவி, உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பேச்சு மறந்துவிட்டது போலிருக்கிறது, பாவம், என்று நான்தான் பதறினேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தண்ணி ஊத்துங்கய்யா. கொடம் கொடமா ஊத்துங்க. கொதிக்கும்னு நெனைப்பீக. அங்கன நிக்கிற அம்புட்டுப் பேரும் கொதிக்கும்னுதேன் சொல்லுவாக. கேக்காதீக. எவன் தடுத்தாலும் விடாதீக. பெத்த அப்பனே வந்து கையத் தட்டிவிட்டாலும் அவனத் தள்ளிவிட்டுட்டு ஊத்துங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர், "எந்த அப்பன்யா தடுப்பான்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பலமாகச் சிரித்தேன். எனக்கு ஒரே பெருமை. எத்தனை மாதம் கழித்து அப்பா பழையபடி பேசுகிறார், அதுவும் மேடைப் பேச்சு மாதிரி! கைகூடத் தட்டினேன். அம்மாவின் நகம் என் தோளில் அழுந்தியது.

"தடுப்பான்" என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை மேல இருக்கிற உசுருல தடுப்பான். தாயி, கொடத்த மட்டும் கீழ வச்சிராதீக. அப்பன் கெடக்கான், ஊத்துங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்தது யாரு, உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் மாடிப்படி இறங்கினோம். அம்மா முந்தானையால் முகத்தை மூடி மூடி எடுத்துக்கொண்டே வந்தாள். என் கண் தெரிகிற சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? "அழாதம்மா, அதான் தெரியுதுல்ல" என்று தேற்றக்கூடச் செய்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு காப்பிக்கடை. அதன் முன்னால் அம்மா நின்றாள்.

"காப்பி குடிக்கிறீகளா?"

வழக்கப்படி நான் அப்பா பக்கம் திரும்பி, "அப்பா, காப்பி குடிக்கிறியான்னு..." என்று தொடங்கினேன். அதற்குள், "குடிப்போம். நீயும் குடி. மொகமெல்லாம் வாடிக்கெடக்கு" என்று அப்பா அம்மாவிடமே சொல்லிவிட்டார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இத்தனை மாதமாக அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே வேலை போய்விட்டது.

பஸ்ஸில் அவர்கள் இருவரும் அன்றைக்கு ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். என்னை ஜன்னல் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கண் என்னுடையது, குணமானது நான், பலகாரம் வாங்கிக் கொடுத்து என்னைக் கொண்டாட வேண்டியவர்கள் என்னை மறந்துவிட்டு ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். பேச்சுகூட இல்லை. அம்மா என்னவோ ஒரு வார்த்தை சொல்வாள். அப்பா இல்லையென்று தலையை ஆட்டுவார். பிறகு அப்பா ஒரு வார்த்தை சொல்வார், அம்மா தலையை ஆட்டுவாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓர் ஆளுக்கு இரண்டு ஆளாக என்னைத் தனியே விட்டுவிட்டார்களே என்று ரோஷமாக இருந்தது. அந்த நெல்மூட்டை அறையில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

எப்படியாவது அவர்களுக்கு நடுவில் நுழைந்துவிட வேண்டும் என்று தோன்றியது. அப்பாவின் கவனத்தை இழுக்க என்னிடம் ஒரே ஒரு விஷயம் இருந்தது. அந்த பஸ்ஸில் எங்கள் மூவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வீரபாண்டி தாண்டியதும் அப்பாவின் காதோரம் எக்கி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னேன்.

"நல்லவேளைப்பா, நீ தண்ணி ஊத்தவிடலைங்கிறது அங்க யாருக்கும் தெரியல. பயப்படாத. நானும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்பா என் தலையை இழுத்துத் தன் மார்போடு ஒருமுறை அணைத்துக்கொண்டார். "சரி ஆத்தா" என்றார். பிறகு மேல்துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. பஸ் குலுக்கத்தில் தூங்குகிறவர்களுக்கு அப்படித்தான் குலுங்கும். கதை பேசலாம் என்று பார்த்தால் இவர் தூங்கிவிட்டாரே என்று எனக்குக் கோபமாக வந்தது. பேச ஆள் இல்லாமல், ஊர் வரும்வரை ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.